அந்த அறுநூறு குரல்களைச் சரிபார்த்தது யார்?

1

நீங்கள் பொய் சொன்னீர்கள், அக்கா.

தெரியாமல் நடந்துவிட்டது என்று இப்போது சொல்லி வருகிறீர்களாம். தெரியாமல் நடப்பது எல்லாருக்கும் உண்டு. நான் தைக்கிற ரவிக்கையிலும் சில நேரம் கை தப்பும், பிரித்துத் தைத்துக் கொடுப்பேன். ஆனால் "மலாய்க்காரர் ஒருவர் கேட்டுச் சரிபார்த்தது" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினீர்கள். புதிதாக வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற மாதிரி அதை மேலே ஒட்டியும் வைத்தீர்கள். அப்படி ஒரு மலாய்க்காரர் கிடையாது. இது கை தப்பியது இல்லை.

உங்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை. குழுவில் இருக்கும் பெண்களுக்கு யார் என்று தெரியும். ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு நடந்தது தெரிந்தால் போதும்.

நான் திண்டுக்கல்காரி. மலேசியாவில் பிறந்து வளர்ந்த தமிழர் ஒருவரைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்து இந்த ஆவணியோடு பதினாறு வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்கு லாரி ஓட்டுகிறார். இங்கே அதை லோரி என்பார்கள். நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறேன். மகள் தர்ஷினிக்குப் பதினான்கு வயது. அவர்கள் இருவரும் இந்நாட்டுக் குடிமக்கள். என்னிடம் இருப்பது பாஸ்போர்ட்டில் ஒட்டிய ஒரு தாள், மனைவிகளுக்குக் கொடுக்கும் விசா. அது முடியும்போதெல்லாம் வீட்டுக்காரர் என்னோடு குடிநுழைவு அலுவலகத்துக்கு வரவேண்டும். இவள் என் மனைவிதான், இன்னும் என்னோடுதான் இருக்கிறாள் என்று கையெழுத்துப் போடவேண்டும். அவர் போட்டால் நான் இருக்கலாம்.

போன வருடம் காப்பார் சாலையில் லோரியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி. இரண்டு இடத்தில் அடைப்பை எடுத்தார்கள். இப்போது அறுவை சிகிச்சை செய்தே ஆகவேண்டும் என்கிறார் மருத்துவர். அன்றைக்கு ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து நான் சாமியை வேண்டவில்லை. இவர் இல்லை என்றால் அடுத்த முறை யார் கையெழுத்துப் போடுவார்கள் என்றுதான் நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதைத்தான் நினைத்தேன்.

அதனால்தான் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பம் போட்டேன். அது கிடைத்தால் தனி அடையாள அட்டை, யாருடைய கையெழுத்தும் வேண்டாம். அதற்கு ஒரு நேர்காணல் உண்டு. மலாயில் கேட்பார்கள், மலாயில் பதில் சொல்லவேண்டும்.

2

திண்டுக்கல்லில் நான் வேலை பார்த்த தையல் கடையில் பன்னிரண்டு பெண்கள். ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்கவேண்டும், மின் இணைப்பை மாற்றவேண்டும், யாருக்கு எந்த அலுவலகத்தில் வேலை இருந்தாலும் "பூங்கொடியக் கூட்டிட்டுப் போ" என்பார்கள். குமாஸ்தா "நாளைக்கு வாம்மா" என்றால், "நாளைக்கு எத்தனை மணிக்கு சார், உங்க பேரு என்ன சார்" என்று கேட்டுவிட்டு நகராமல் நிற்பேன். பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும்.

இங்கே வந்து அந்த வாய் போய்விட்டது. கிள்ளானில் எங்கள் தெருவில் எல்லாமே தமிழில் நடக்கும். பாசாரில், அதாவது சந்தையில், மீன் வாங்க இருபது மலாய்ச் சொல் போதும். என்ன விலை, அதிகம் லா, கொஞ்சம் குறை, அவ்வளவுதான். அந்த 'லா' இங்கே எல்லார் பேச்சுக்கும் ஒரு வால். அலுவலகம் என்றால் வீட்டுக்காரர் பேசுவார், நான் பக்கத்தில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பதினாறு வருடமாக ஃபைல் பிடிக்கிறேன்.

ஒருமுறை மகளின் பள்ளியில் வகுப்பாசிரியையிடம் என் பாசார் மலாயில் பேசிவிட்டேன். தர்ஷினி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். வெளியே வந்ததும் சொன்னாள்:

"மா, இனிமே அப்பா வரட்டும் லா. நீ பேசினா ஃபிரெண்ட்ஸ் எல்லாம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க."

அப்போது அவளுக்குப் பத்து வயது. அன்றிலிருந்து அவள் முன்னால் நான் மலாய் பேசியதே இல்லை.

இந்த நிலைமையில்தான் அக்கா, உங்களிடம் கேட்டேன். தமிழ்நாட்டில் இருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்கு நீங்கள் நடத்துகிற குழு அது. உங்களுக்கு அந்த அட்டை கிடைத்துவிட்டது. புலம்பெயர்ந்த பெண்களுக்கு மொழி கற்றுக்கொடுக்கிறேன் என்று போன வருடம் இந்தப் பத்திரிகையிலேயே கட்டுரையும் எழுதினீர்கள். நீங்கள் அனுப்பிய குரல் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்:

"பூங்கொடி, உங்க வீட்டுக்காரர் பேசுறது பாசார் மலாய். அத ஆபீசர்கிட்ட பேசினா எடுபடாதும்மா. பொண்ணுகிட்டயும் கேக்காத, இந்தக் காலத்துப் பிள்ளைங்க பேசுறது பாதி ஸ்லாங்கு. நான் குடுக்கிற லிங்க்ல போ. கேளு, சேவ் பண்ணு, திரும்பத் திரும்பக் கேளு. எல்லாம் மலாய்க்காரர் ஒருத்தர் செக் பண்ணினது. தைரியமா இரு."

தைரியமாகத்தான் இருந்தேன்.

3

அது சொற்களை எப்படி உச்சரிப்பது என்று காட்டும் ஓர் இணையதளம். எந்த நாட்டுக்காரரும் தன் மொழிச் சொல்லைப் பேசி அதில் ஏற்றலாம். ஒரு சொல்லுக்கு நாலைந்து பேர் குரல் இருக்கும். முக்கோணத்தை அழுத்தினால் பேசும், கீழ்நோக்கிய அம்பை அழுத்தினால் போனில் இறங்கும். இறங்கும்போது வெறும் எண்ணாக இறங்கும். அதைத் தமிழில் பெயர் மாற்றி வைப்பேன். 'வீடு', 'அலுவலகம்', 'வீட்டுக்காரர் வேலை', 'முடியும்', 'முடியாது'. நீங்கள் மொத்தமாக அனுப்பியது முந்நூறு, அதே லிங்கில் போய் நானே தேடிச் சேர்த்தது முந்நூறுக்குக் கொஞ்சம் மேல்.

அதில் ஒரு பெண் குரல் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் திறந்து வைத்த மாதிரி பேசுவாள். அவள் பேசிய சொல் இருந்தால் மற்றவர்களை விட்டுவிட்டு அவளுடையதைத்தான் எடுப்பேன். கிள்ளானுக்குப் பக்கத்து ஷா ஆலாமில் பள்ளி ஆசிரியையாக இருப்பாள் என்று நானே நினைத்துக்கொண்டேன். பேசுகிறவரின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஊர் போட்டிருக்கிறது. நான் பார்க்கவில்லை. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் அனுப்பிய முந்நூறில் அந்தப் பொடி எழுத்தும் இல்லை. இறக்கிச் சேமித்த பிறகு குரலுக்கு ஊர் கிடையாது.

ஏழு மாதம். காலையில் வீட்டுக்காரர் லோரி எடுத்துப் போனதும், மகள் பள்ளிக்குப் போனதும், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கொக்கி தைப்பேன். அது சொல்லும், நான் சொல்வேன். இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. நேர்காணலில் கேட்டு அவர் அசந்துபோக வேண்டும் என்று ஆசை. மகளுக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன்.

ஒரு நாள் தர்ஷினி பரீட்சை முடிந்து முன்கூட்டியே வந்துவிட்டாள். நான் கவனிக்கவில்லை. கதவருகே நின்று கேட்டிருக்கிறாள்.

"மா, ஏன் இப்படி டிவி டிராமாவுல வர்ற ஆன்டி மாதிரி பேசுற?"

"போடி. உனக்குச் சிரிக்கணும், அவ்வளவுதானே?"

"இல்ல மா, ரியலா. இங்க யாரும்..."

"வாய மூடிட்டுச் சோத்தப் போட்டுச் சாப்பிடு."

இந்தோனேசிய நாடகங்கள் இங்கே மதியத்தில் தொலைக்காட்சியில் ஓடும். அவள் சொன்னது அதைத்தான். சொல்லி முடிக்க நான் விடவில்லை.

4

நேர்காணலுக்குப் புத்ராஜெயாவில் இருக்கிற குடிநுழைவுத் தலைமை அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி என் வயதுப் பெண். மரியாதையாகத்தான் பேசினார். வீட்டுக்காரரை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார். பெயர், வீடு எங்கே, எத்தனை பிள்ளை. எனக்கு வாயில் சொல் வந்தது. ஏழு மாதத்துச் சொல், நிற்காமல் வந்தது. வீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். நீங்கள் என்ன வேலை செய்வீர்கள் என்று கேட்டார். என்னால் தைக்க முடியும் என்று சொன்னேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். சிரித்துக்கொண்டே கேட்டார். நீங்கள் இந்தோனேசியாவில் வேலை செய்திருக்கிறீர்களா?

இல்லை என்றேன்.

பாஸ்போர்ட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். இந்தோனேசியாவில் இருக்கிற மேடான் நகரத்து முத்திரை. வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள், ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தோம். எத்தனை நாள் இருந்தீர்கள் என்று கேட்டார். ஐந்து நாள் என்றேன். வீட்டுக்காரரைக் கேட்டார். ஒரு வாரம் என்றார். நாங்கள் சொன்ன இரண்டும் ஒத்துப்போகவில்லை, நான் அங்கே இருந்து வேலை செய்ததை மறைக்கிறேன் என்று அவருக்குப் பட்டிருக்கும்.

அதிகாரி கோபப்படவில்லை. ஏதோ எழுதினார். அந்தப் பயணம் பற்றி விளக்கக் கடிதம் வேண்டும், டிக்கெட், கல்யாணப் படம் இருந்தால் அதுவும் வேண்டும், பார்த்துவிட்டு மறுபடியும் கூப்பிடுவோம் என்றார். அது அவர் வேலை. நான் குற்றம் சொல்லமாட்டேன். எழுந்தபோது ஒன்று சொன்னார். "பியாசா சாஜா, புவான்." சாதாரணமாகப் பேசினால் போதும், அம்மா.

காரில் ஏறியதும் வீட்டுக்காரர் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் என்னா வேல செய்றேன்?"

"லோரி ஓட்டுறீங்க."

"லோரி. மலாய்லயும் லோரிதான், தமிழ்லயும் லோரிதான். தெருவுல ஓடுற பூனைக்குக்கூடத் தெரியும். நீ ஏன் அங்க 'த்ருக்'குன்னு சொன்ன? முடியுங்கிறதுக்கு 'போலே'ன்னு ஒரு நாளைக்கு நூறு தடவ சொல்ற ஆளு, அங்க போயி 'பிசா'ங்கிற. எங்க கத்துக்கிட்ட இத?"

"நல்ல மலாய் பேசலாம்னு..."

"அது நல்ல மலாய்தான் லா. வேற ஊரு மலாய். ஜகார்த்தாவுல போயி அப்ளிகேஷன் போடு, உடனே குடுத்துருவான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். நான் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். "ஒண்ணுமில்ல கொடி, சிரிச்சதுனால," என்றார். வீடு வரும்வரை அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

5

அப்போதும் உங்கள் மேல் சந்தேகம் வரவில்லை, அக்கா. நானே தேடிய முந்நூறில்தான் எங்கேயோ தவறிவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் நீங்கள் தைக்கக் கொடுத்த நான்கு ரவிக்கைகளை எடுத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்து உங்கள் அடுக்குமாடிக்கு ஏறினேன். கதவைத் திறந்தது உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண். அவளை யூலி என்று வைத்துக்கொள்கிறேன், உண்மைப் பெயர் அது இல்லை. உள்ளே வாருங்கள், கொஞ்சம் பொறுங்கள், அம்மா குளிக்கிறார் என்றாள்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். குரல் வேறு, ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் திறந்து வைக்கிற அதே பேச்சு. அதே இழுவை. ஏழு மாதம் என் காதுக்குள் இருந்த பேச்சு ரவிக்கை வைத்திருந்த பையை என் கையிலிருந்து வாங்கியது.

போனை எடுத்து ஒரு பதிவைப் போட்டுக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது. அவள் இந்தோனேசியாவில் இருந்து வேலைக்கு வந்தவள், சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"இதுவா? இது எனக்குத் தெரியுமே. அம்மா தினமும் ஐம்பது ஐம்பதாகப் போட்டுக் காட்டுவாங்க. நான் பாத்திரம் கழுவிக்கிட்டே சரி, சரின்னு சொல்லுவேன். ஒண்ணு ரெண்டுதான் எனக்குப் பிடிக்கல, வேற மாதிரி இழுத்தாங்க. அத மாத்தச் சொன்னேன்."

"வேற மாதிரின்னா?"

"இந்த ஊர்க்காரங்க மாதிரி."

அதாவது உள்ளே தப்பித் தவறி இருந்த ஒன்றிரண்டு உண்மையான மலேசியக் குரலையும் எடுத்துவிட்டீர்கள்.

இதெல்லாம் எதற்கு என்று அவளிடம் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. நீங்கள் அவள் பேச்சைக் கற்றுக்கொள்கிறீர்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். குடிநுழைவு அலுவலகத்தில் போய்ப் பேசுவதற்கு என்று சொன்னதும் ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அங்கயா? அங்க போனா நானே வாயத் திறக்கமாட்டேன். என்கிட்ட முதல்லயே சொல்லியிருந்தா, இது எங்க ஊருப் பேச்சும்மான்னு சொல்லியிருப்பேனே."

அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. தன் மொழியைக் கேட்டாள், சரி என்றாள். அவளிடம் எதற்கு என்று சொல்லாதது நீங்கள்.

தலையில் துண்டோடு வந்தீர்கள். நாம் பேசியது உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை.

"ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல பூங்கொடி. நம்ம தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் மாதிரி."

"அப்போ அந்த ஆபீசர்கிட்ட நீங்க வந்து சொல்லுங்க."

"டென்ஷன் ஆகாத. எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே."

"உங்ககிட்ட மலாய்லயா கேட்டாங்க?"

"இங்கிலீஷ்ல கேட்டாங்க," என்றீர்கள். பிறகு ரவிக்கையைப் பிரித்துப் பார்த்து, கழுத்து கொஞ்சம் இறக்கமாகிவிட்டது என்றீர்கள். கழுத்து சரியாகத்தான் இருந்தது.

6

திரும்பும் ரயிலிலேயே குழுவில் எழுதினேன். இந்தப் பதிவுகள் இந்தோனேசிய உச்சரிப்பு, சொற்களும் பல அந்த ஊர்ச் சொற்கள், நேர்காணலுக்குப் போகிறவர்கள் நம்பவேண்டாம் என்று. சுபாங் ஜெயா நிலையம் தாண்டுவதற்குள் என் செய்தியை அழித்துவிட்டீர்கள். கிள்ளான் வருவதற்குள் குழுவிலிருந்து என்னையும் நீக்கிவிட்டீர்கள்.

அன்று மாலை தர்ஷினியிடம் போனைக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டாள். "இது இல்ல. இதுவும் இல்ல. இது ஓக்கே, ஆனா இவ்வளவு ஸ்டைலா யாரும் சொல்லமாட்டாங்க." அழித்துக்கொண்டே போனாள். பிறகு அவளே பேசிப் பதிய ஆரம்பித்தாள். நாற்பது சொல் ஆனதும் சலித்துவிட்டது.

"மா, இதுக்கு ஏன் இவ்வளவு ஸ்டிரெஸ்? கிடைக்கலன்னா விசா இருக்குல்ல."

"அப்பா இருந்தாத்தான் அந்த விசா."

அவள் யோசித்தாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

"அப்படின்னா நீ இந்தியாவுக்குப் போயிருவியா?"

"நீ?"

"நான் இங்கதான் லா. என் ஸ்கூல் இங்க இருக்கு."

சொல்லிவிட்டுப் பேட்டரி தீர்ந்த போனைச் சார்ஜில் போட்டாள். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். மறுநாள் காலையில் அவளாகவே வந்து இருபது சொல் பதிந்து கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள்.

விளக்கக் கடிதம் கொடுத்துவிட்டேன். கல்யாணப் படம் கிடைத்தது, டிக்கெட் கிடைக்கவில்லை. இன்னும் கூப்பிடவில்லை. என் விசா முடிய நான்கு மாதம் இருக்கிறது. அவருடைய அறுவை சிகிச்சை அதற்கு முன்னால் வருகிறது. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால், ஆஸ்பத்திரியா புத்ராஜெயாவா என்று தைப்பதை அப்படியே போட்டுவிட்டு எடுக்கிறேன். இதை நீங்கள் சரிசெய்ய முடியாது. அதற்காக நான் இதை எழுதவும் இல்லை.

சாலாக் செலாத்தானில் மல்லிகா இருக்கிறாள். கைக்குழந்தைக்காரி, குழுவில் உங்களுக்கு எப்போதும் முதலில் பூச்செண்டு படம் போடுகிறவள். அடுத்த மாதம் அவளுக்கு நேர்காணல். அவளுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அக்கா அப்படியெல்லாம் செய்யமாட்டாங்க. மலாய்க்காரர் செக் பண்ணினதுன்னு மேலயே போட்டிருக்கே. உங்களுக்கு ஆபீசர் சரியில்லாம அமைஞ்சிருப்பாங்க. நீங்க ரவிக்க தைக்கிறவங்க, அவங்க படிச்சவங்க, எனக்கு யாரை நம்புறதுன்னு தெரியாதா?"

அவள் குழந்தை பக்கத்தில் அழுதுகொண்டிருந்தது. பின்னால் இன்னொரு போனில் அதே குரல் ஓடுவதும் எனக்குக் கேட்டது.

எனக்குத் தனியாக போன் செய்யாதீர்கள், அக்கா. நேற்று மூன்று முறை அடித்தீர்கள், நான் எடுக்கவில்லை, இனியும் எடுக்கமாட்டேன். வீட்டுக்கு வந்து காதோடு காதாக மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். இருநூறு பெண்கள் இருக்கிற அந்தக் குழுவில், மேலே ஒட்டி வைத்திருக்கிற அதே இடத்தில், எழுத்தில் பதில் சொல்லுங்கள். சரிபார்த்த மலாய்க்காரர் யார்? அப்படி ஒருவர் இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். மல்லிகா நான் சொன்னால் நம்பமாட்டாள், நீங்கள் சொன்னால்தான் நம்புவாள். அவள் போவதற்கு முன்னால் சொல்லுங்கள்.